ஆறரை மணி கேஸ் மாத்திரை

என் மாமனார் முப்பத்து மூன்று வருடம், நாளொன்றுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேருந்துகளை வெளியே அனுப்பியவர். பேருந்து நிலையத்தின் நடுவில், நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு. அதற்குள் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் ஊரையும் நேரத்தையும் சொல்வார்; நடத்துநர் ஜன்னல் வழியாக நீட்டும் டிரிப் ஷீட்டில் நிமிடத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவார். டைம் கீப்பர் என்று பெயர். அந்தக் கையெழுத்து விழாமல் ஒரு வண்டியும் நகராது. ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, வயது எழுபது. இன்னும் வீட்டில் யாராவது செருப்பை மாட்டினால் மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறார்.

நான் ஒரு மாலைப் பத்திரிகையில் உதவி ஆசிரியர். நான் அனுப்புவது பக்கங்களை. ஐந்தும் ஆறும் என் பொறுப்பு. காலை பதினொன்று நாற்பதுக்கு அவை அச்சுக்குப் போயாக வேண்டும். கல்யாணமான புதிதில், நேரத்தோடு மாரடிக்கிற இரண்டு ஆண்கள் ஒரே வீட்டில் இருப்பது பற்றி என் மனைவிக்குப் பெருமை இருந்தது. பிறகு வித்தியாசம் தெரிந்துகொண்டாள். கடைசி ஆள் படியில் கால் வைக்கும்வரை அப்பா விசில் கொடுக்கமாட்டார். நான் நேரமாகிவிட்டால் கடைசி ஆளை இறக்கிவிடுகிறவன்.

அது எங்கள் தொழில் முறை. செய்தியில் தலையாயது முதல் பத்தியில் இருக்கும். கீழே போகப் போக விவரம் இளைக்கும். இடம் போதவில்லையென்றால் யோசிக்காமல் கீழேயிருந்து வெட்டலாம், உயிர் போகாது. இருபத்திரண்டு வருடம் அப்படி வெட்டியதில் அலுவலகத்தில் எனக்குக் 'கத்தரி' என்று பெயர். நான் அதைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் புத்தி அலுவலகத்தோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

மூன்று வருடத்துக்கு முன் எனக்கு நெஞ்செரிச்சல் வந்தது. வெறும் வயிற்றில் நான்கு டீ குடித்துவிட்டுப் பதினொன்று நாற்பதைத் துரத்துகிறவனுக்கு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எங்கள் தெருமுனை டாக்டரம்மா மருந்துச் சீட்டில் ஐந்து வரி எழுதிக் கொடுத்தார். வயிற்றில் அமிலத்தைக் குறைக்கிற கேப்சூல். ஊரே கேஸ் மாத்திரை என்று சொல்கிற அதுதான். காலையில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, ஒன்று. இது முதல் இரண்டு வரி. நான் சீட்டைப் போனில் படம் பிடித்து, அந்த இரண்டு வரி மட்டும் தெரிகிற மாதிரி அழகாக வெட்டி வைத்துக்கொண்டேன். அலுவலகத்துக்குக் கீழே இருந்த மருந்துக் கடையில் படத்தைக் காட்டுவேன். அவர் அட்டையைக் கொடுப்பார். இரண்டு பேருக்கும் பேச நேரமில்லை.

அந்தக் கடை ஒரு வாரம் பூட்டியிருந்தபோது வீட்டுக்கு எதிரே இருந்த கடைக்குப் போனேன். அங்கே இருந்த பெண் என் போனை வாங்கி, படத்தை விரலால் மேலே தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. மறுபடியும் தள்ளினார்.

"கீழ்ப் பாதி எங்க சார்?"

"அதுல ஒண்ணுமில்லம்மா. டாக்டர் கையெழுத்துதான்."

"கையெழுத்து எனக்கும் வேணுமே."

எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். மூன்று வருடம், ஒரு நாள் தவறியதில்லை என்று மார்தட்டினேன். பரிசு கொடுப்பார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முழுச் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்றார்.

முழுச் சீட்டு மாமாவிடம் இருந்தது. வீட்டுக்கு வருகிற எல்லாத் தாளையும் தேதி வாரியாகக் கோப்பில் போடுகிறவர் அவர். எடுத்துப் பார்த்தால் கீழ் மூன்று வரி பளிச்சென்று இருக்கிறது. 'எட்டு வாரம் மட்டும். முடிந்ததும் வந்து காட்டவும். வலி மாத்திரை தவிர்க்கவும்.' எட்டு வாரத்தை நான் நூற்றறுபது வாரமாக ஓட்டியிருந்தேன். கழுத்து வலிக்கென்று வாரத்துக்கு இரண்டு வலி மாத்திரையும் அதன் தலையில் ஏற்றி அனுப்பியிருந்தேன். கால் விரல்களில் ஒரு வருடமாக இருந்த மதமதப்புக்கு அலுவலக நாற்காலியைத் திட்டி, நிர்வாகத்துக்கு இரண்டு கடிதமும் எழுதியிருந்தேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பி-12 தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. விரல் மதமதப்புக்கு அதுதான் காரணம், நாற்காலி நிரபராதி. மருந்து நல்ல மருந்துதான் என்றார். கேள்வி கேட்பாரில்லாமல் வருடக்கணக்கில் போனால்தான் சிலருக்கு பி-12, மெக்னீசியம் குறையலாம், எலும்பு பலவீனமாகலாம், அதனால் அவ்வப்போது வந்து காட்ட வேண்டும் என்றார். அதற்காகப் படக்கென்று நிறுத்தினால் அடக்கி வைத்த அமிலம் இரண்டு பங்காகப் பொங்கும் என்று, எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு இரண்டு நாள் விட்டு என்று படிப்படியாகக் குறைத்துக் கொடுத்தார். நான் எழுந்து கதவுவரை போன பிறகு, சிலருக்கு இது நிறுத்தவே கூடாத மருந்து என்பதையும் சொன்னார். அதை என் நோட்டில் கடைசியாக எழுதிக்கொண்டேன்.

ஆறு வாரத்தில் மாத்திரையிலிருந்து வெளியே வந்தேன். அதற்குப் பிறகு என் தொல்லை ஆரம்பமானது. புதிதாகத் திருந்தியவன் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது. டீ எடுக்க வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, கேஸ் மாத்திரை சாப்பிடுகிறாயா, யார் சொன்னது, எத்தனை நாளாக என்று விசாரணை நடத்தினேன். கூட வேலை செய்பவர்கள் டீயைக் கைவிட்டார்கள். ஆள் கிடைக்காததால் எழுதுவது என்று முடிவு செய்தேன். ஐந்தாம் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி. இருபத்தாறு வரி. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டினேன். முதல் இருபத்தொரு வரி, தேவையில்லாமல் வருடக்கணக்கில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பது. கடைசி ஐந்து வரி இப்படி இருந்தது: 'இதய நோய்க்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், குடலில் புண் வந்து ரத்தம் கசிந்தவர்கள், தொடர்ந்து வலி மாத்திரை தேவைப்படுபவர்கள் இந்த மருந்தை நிறுத்தக் கூடாது. யாராக இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். மலம் கறுப்பாகப் போனால் அது ரத்தமாக இருக்கலாம், உடனே மருத்துவமனை.' தலைப்பு என் சொந்தக் கைவண்ணம்: 'கேஸ் மாத்திரை: இன்னுமா சாப்பிடுகிறீர்கள்?'

பதினொன்று முப்பத்தொன்றுக்கு ஒரு சோபா விளம்பரம் வந்தது. சொன்னதைவிட இரண்டு சென்டிமீட்டர் உயரம். பக்கம் அமைக்கிற நண்பரைக் 'கட்டம்' என்று கூப்பிடுவோம். எனக்கு அப்போது ஒரு காதில் போனில் நகராட்சி நிருபர்.

"அஞ்சு வரி போகணும் கத்தரி. எதை எடுக்கட்டும்?"

நான் திரும்பக்கூட இல்லை. "கீழேருந்து."

பதினொன்று முப்பத்தொன்பதுக்குப் பக்கம் போனது. ஒரு நிமிடம் முன்னதாக. அதற்காக எனக்கு நானே ஒரு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

இனி மாமாவின் வயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணாடிக் கூண்டில் வேளை கெட்டுச் சாப்பிட்டதில் நாற்பத்தைந்து வயதில் அவருக்கு அல்சர் வந்து, ஒருமுறை ரத்தமும் கசிந்திருந்தது. போன வருடம் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ஸ்டென்ட் அடைக்காமல் இருக்க இரண்டு மாத்திரை. அந்த இரண்டும் பழைய புண்ணைக் கிளறிவிடாமல் இருக்க ஒரு கேஸ் மாத்திரை. நான் சாப்பிட்ட அதே மருந்து. எனக்கு அது பழக்கம், அவருக்குக் கவசம். இது எனக்குத் தெரியாத விஷயமா? ஸ்டென்ட் வைத்த அன்று டாக்டர் சொன்னதைக் கேட்டு வீட்டுக்குப் போன் பண்ணியவனே நான்தான்.

தன் மருந்துகளுக்கு அவர் ஒரு கால அட்டவணை போட்டு, சமையலறை வாசலில் ஒட்டியிருந்தார். 6.30 கேஸ் மாத்திரை, 7.00 சாப்பாடு, 7.20 இதய மாத்திரை என்று வரிசையாக ஓடும். தாமதம் என்றால் காரணம் எழுத ஒரு பத்தி. எட்டு மாதத்தில் அந்தப் பத்தியில் ஒரே ஒரு பதிவு: 'தண்ணீர் வரவில்லை, 4 நிமிடம்.'

அவர் சாயங்காலம் நான்கு மணிக்கு என் பத்திரிகையை எடுத்தால் அச்சகத்தின் முகவரிவரை படிப்பார். அச்சில் வந்தது அவருக்குக் கையெழுத்தான டிரிப் ஷீட் மாதிரி. கூண்டிலிருந்து கையெழுத்தாகி வந்த தாளை ஓட்டுநர் சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்க முடியுமா? அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னைக்கு நல்லா எழுதியிருக்கீங்க மாப்பிள்ளை. வளவளன்னு இல்லாம இருந்தது."

பதினாறு வருடத்தில் மாமனார் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. நான் தரையில் நடக்கவில்லை. எந்த வரிகள் நன்றாக இருந்தன என்று மட்டும் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை, பாராட்டைக் குடைந்து பார்ப்பது அநாகரிகம் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் கேள்வி கேட்காமல் விட்ட ஒரே பேட்டி அது.

மறுநாள் காலையிலிருந்து அவருடைய ஆறரை மணி மாத்திரை அட்டையிலேயே இருந்தது. யாருக்கும் தெரியாது.

பத்தாவது நாள் காலை ஆறே கால் இருக்கும். நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். மாமா குளியலறை வாசலில் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் காதில் விழக் கூடாதென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். வழியில் நின்றுவிட்ட வண்டியைப் பற்றி மேலதிகாரிக்குத் தகவல் கொடுக்கிற தொனி.

"ஒரு விஷயம் மாப்பிள்ளை. நேத்து காலைல ஆறு பத்துக்குப் போனப்ப கறுப்பா இருந்தது. இன்னைக்கு ஆறு அஞ்சு. தார் மாதிரி. எழுந்து நின்னா தலை சுத்துது."

"நேத்தே சொல்லியிருக்கலாமே மாமா."

"ஒரு நாள் பாக்கலாம்னு இருந்தேன். அது பெரிய விஷயமா?"

பெரிய விஷயம்தான். கறுப்பாகப் போனால் என்ன அர்த்தம் என்று டாக்டரம்மா எனக்குச் சொல்லி, நானும் அச்சுக்குக் கொடுத்து, நானே எடுத்துப்போட்ட ஐந்து வரியில் அதுவும் ஒன்று. வாயில் நுரையோடு மனைவியைக் கூப்பிட்டேன். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், வெளுத்திருந்தது. உடனே வாடகைக் காருக்குப் போன் செய்தாள். மருத்துவமனையில் என்னென்ன மாத்திரை என்று கேட்பார்களே என்று நான் அட்டவணையைச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்துக்கொண்டேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

காரில் பின்னால் மாமாவும் நானும், முன்னால் மனைவி. மாமா கண்ணை மூடியிருந்தார். கைகள் சும்மா இருக்க மாட்டாமல் அட்டவணையைப் படித்தேன். ஒன்பது நாளாகத் தினம் இரண்டு தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். மேலே 6.30 பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி. தாளின் அடியில், இன்னொரு நட்சத்திரம் போட்டு, குண்டு குண்டான எழுத்தில்: '6.30 ரத்து. ஆதாரம்: மாப்பிள்ளை பத்திரிகை, பக்கம் 5.' தேதி, கையெழுத்து.

"மாமா, இது என்ன?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "நீங்க போட்டதுதானே."

மனைவி திரும்பிப் பார்த்தாள். என்ன போட்டீர்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்பாவுக்கு அந்த மாத்திரை எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏங்க?"

"எழுதித்தான் இருந்தேன். இடம் இல்லைன்னு எடுத்துட்டேன்."

இதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு நியாயம் தொனித்தது என்று நினைக்கிறேன். ஓட்டுநரே கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. அட்டவணையை வாங்கி மேலிருந்து கீழே, நட்சத்திரம்வரை படித்தார். இவ்வளவு தெளிவாக நோயாளிகள் யாரும் எழுதிக் கொண்டுவந்ததில்லை என்றார். மாமா படுத்தபடியே தலையை அசைத்து ஏற்றுக்கொண்டார். பிறகு டாக்டர், ஆறரை மணி மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா பதில் சொன்னார்.

"யாரும் சொல்லல. பேப்பர்ல பாத்தேன்."

"அதுதான் எழுதியிருக்கே. மாப்பிள்ளை பத்திரிகைன்னா எது?"

மாமா மின்விசிறியைப் பார்த்தார். "அந்தப் பேர்ல ஒண்ணு வருது."

முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு நிமிடத்தைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாத மனிதர். நான் டாக்டரிடம், அந்த மாப்பிள்ளை நான்தான் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மறுபடி எழுத ஆரம்பித்தார்.

பத்தரை மணிக்கு, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிற எண்டோஸ்கோப்பி. பழைய புண் திறந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. குழாய் வழியாகவே ஒரு கிளிப் போட்டு நிறுத்தினார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஒன்பது நாள் நிறுத்தியதுதான் காரணமா என்று மனைவி நேராகவே கேட்டாள். அது ஒன்றுதான் என்று சத்தியம் பண்ண முடியாது, ஆனால் இவருக்கு அதைத் தொட்டிருக்கக் கூடாது என்றார் டாக்டர். பயந்துபோய் இதய மாத்திரையையும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்தால் அது இதைவிட ஆபத்து, எதை எப்போது எடுப்பது என்று இதய டாக்டரோடு பேசிச் சொல்கிறேன் என்றும் சொன்னார். அடுத்த இருபத்து நான்கு மணி நேரத்தில் மறுபடி கசியாமல் இருந்தால் பிழைத்தோம்.

வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு மற்றவர்கள் நினைவு வந்தது. எங்கள் பத்திரிகை நாற்பதாயிரம் வீடுகளுக்குப் போகிறது. ஆசிரியருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். திருத்தம் போடலாம் என்றார். எங்கள் திருத்தங்கள் இரண்டாம் பக்கத்தின் அடியில், எறும்பு படிக்கிற எழுத்தில் வரும். முதல் பக்கம், மேலே வேண்டும் என்றேன். அங்கே என்ன செய்தி இருக்கிறது தெரியுமா என்று கேட்டார். தெரியாது, எதுவாக இருந்தாலும் இதைவிடப் பெரிதில்லை என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் நான் அவரிடம் இடம் கேட்டது அதுதான் முதல் தடவை, கொடுத்துவிட்டார். மணி பதினொன்று பதினைந்து. சக்கர நாற்காலிகள் போகிற வழியில் நின்றுகொண்டு, கட்டத்துக்கு வாய்மொழியாகவே சொன்னேன். நிறுத்தக் கூடாதவர்கள் யார் யார் என்பது முதல் வரி. ஏற்கெனவே நிறுத்தியவர்கள் இன்றே மருத்துவரிடம் போக வேண்டும் என்பது இரண்டாவது. கறுப்பு மலம், ரத்த வாந்தி, தலைசுற்றல் மூன்றாவது. தவறு எங்களுடையது என்பது நான்காவது.

எல்லாவற்றையும் அடித்து முடித்துவிட்டுக் கட்டம் கேட்டார். "இடம் பத்தலன்னா?"

"வேற எதையாவது எடு."

மாலை ஐந்து மணிக்குள் அலுவலகத்துக்குப் பதினேழு போன் வந்தது. என் பெட்டிச் செய்தியைப் பார்த்து மாத்திரையை நிறுத்திய பதினேழு பேர். எனக்கு இவ்வளவு செல்வாக்கு இருப்பது அன்றுதான் தெரிந்தது. எண்களை வாங்கி ஒவ்வொருவராக நானே கூப்பிட்டேன். நான்கு பேர் மாமாவைப் போல இதய மாத்திரைக்காரர்கள். நான்கு பேரும் அன்றே டாக்டரைப் பார்த்தார்கள், யாருக்கும் கசிவில்லை. ஒரு தையல்காரர் மட்டும் பன்னிரண்டு நிமிடம் என்னைத் திட்டினார். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தியபோது, முடிந்துவிட்டதென்று நினைத்து நன்றி சொல்லிவிட்டேன். அதற்கும் சேர்த்துத் திட்டினார்.

மறுநாள் காலைவரை கசிவு இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மனைவி என்னிடம் தேவையானதை மட்டும் பேசினாள்: டீ, போர்வை, பில். மூன்றாம் நாள் வராந்தா பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இனிமே அப்பா மருந்தப் பத்தி நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. நல்ல வார்த்தையா இருந்தாலும் சரி."

சரி என்றேன். பாதி டம்ளர் டீயை எனக்குக் கொடுத்தாள்.

ஆறாம் நாள் மாமா வீட்டுக்கு வந்தார். நடையில் தளர்ச்சி, குரல் பழையபடி. முதலில் கேட்டது, நான் எழுதிய முழு இருபத்தாறு வரி. கொண்டுவந்து கொடுத்தேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டு நிதானமாகப் படித்தார். நான் எதிரே நின்றேன், விசாரணைக்கு வந்த நடத்துநரைப் போல.

"கடைசில இருந்ததுதானே எனக்கு?"

"ஆமா மாமா."

"அதை மட்டும் போட்டு, மேல இருக்கிறதை எடுத்திருக்கலாமே."

இருபத்திரண்டு வருடத்தில் என் மண்டைக்கு எட்டாத யோசனை. அவர் தாளை மடித்துத் தேதி எழுதிக் கோப்பில் போட்டார். அப்புறம், உட்காருங்க மாப்பிள்ளை, ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க என்றார்.

கேஸ் மாத்திரை இப்போது அவருக்குக் காலையும் மாலையும். இரண்டு மாதம் கழித்து ஒருவேளையாகக் குறைக்கலாமா என்று டாக்டர் பார்ப்பார். முழுதாக நிறுத்துகிற பேச்சு இல்லை. வியாழக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு ரத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பரிசோதனை. மனைவிக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. நான்தான் கூட்டிப் போகிறேன்.